மணமகள் காதில்

ஆடியோடு வருமான வரிக் கெடு முடிந்துவிடும் என்று நம்பித்தான் ஆடிட்டர் செண்பகவல்லி ஆவணியில் கல்யாணம் வைத்தாள். கெடுவை நீட்டினார்கள்; புதிய கடைசி நாள் அவள் வரவேற்பு நாளிலேயே வந்து விழுந்தது. அபராதம் விழக்கூடியவர், வங்கிக் கடனுக்குக் காத்திருப்பவர், சும்மா சத்தம் போடுபவர் என்று வாடிக்கையாளர்களை வரிசை பிரித்து வைத்திருந்தாள். என்ன பயன்? வாரமெல்லாம் முடங்கிக் கிடந்த வரித்துறை இணையதளம், அவள் மாலையும் கழுத்துமாக மேடையேறிய பிறகுதான் கண் திறந்தது.

சோபாவுக்குப் பின்னால் தோழி மெர்லின் மடிக்கணினியோடு உட்கார்ந்து ஒவ்வொரு கணக்காக அனுப்பினாள். வாழ்த்த வந்திருந்த வாடிக்கையாளர்களின் போனுக்கு ஓடிபி போனது.

"என்கிட்ட சொல்லுங்க அண்ணாச்சி" என்றாள் மெர்லின்.

"யார்ட்டயும் சொல்லக் கூடாதுன்னு மெசேஜ்ல போட்டிருக்கும்மா. ஆடிட்டரம்மாகிட்டதான் சொல்லுவேன்" என்ற மாவு மில் பரமசிவம், மணமகள் காதருகே குனிந்து எண்களை ஓதிவிட்டு இறங்கினார்; அவள் அதைப் பின்னால் மெர்லினுக்குச் சொன்னாள். அடுத்தவரும் அப்படியே. பார்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளை வீட்டுச் சொந்தங்கள், இது இந்த ஊர் வழக்கம்போல என்று தாங்களும் காதிலேயே வாழ்த்தத் தொடங்கினார்கள்.

கூட்டம் வடிந்தது. "எல்லாம் ஆச்சா?" என்றான் மாப்பிள்ளை இசக்கிராஜ்.

"ஆச்சு."

"என்னுது?"

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். நம்ம ஆள்தானே என்று அவன் கணக்கைக் கடைசியில் போட்டு, மறந்தே போயிருந்தாள்.

"மெர்லின்!"

இசக்கிராஜின் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தான், அவள் காதருகே குனிந்தான். முதல் எண்ணைச் சொல்வதற்குள்ளேயே மணமகள் முகம் சிவந்துவிட்டது.

"அப்படியே இருங்க" என்றார் போட்டோக்காரர்.