முகூர்த்த நேரத்து எபிசோட்

"அக்கா, அந்தக் கடைசி எபிசோட் சரி வந்திட்டுது!" என்று வாசலிலேயே கத்தினான் பிரதாபன். ஐம்பத்து மூன்று வயது மனிதனின் முகத்தில், சோதனை பாஸான பிள்ளையின் சிரிப்பு.

உஷாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நியூ லின் மாலில் எட்டு மணி நேரம் கால்கடுக்க நின்று வேலை செய்துவிட்டு, இப்போதுதான் வந்து சப்பாத்தைக் கழற்றியிருந்தாள். இந்த உலகத்தில் அவள் காதில் விழவே கூடாத சொல் ஒன்று இருந்தால், அது எபிசோட்.

"நான் கேட்டனானே? உன்ர விண்வெளிக் கப்பல் வந்தால் எனக்கென்ன, போனால் எனக்கென்ன?"

தம்பி அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சோபாவில் உட்கார்ந்து லாப்டாப்பைத் திறந்தான். எதையும் சுருக்கமாகச் சொல்லத் தெரியாதவன். ஒரு விஷயத்தைக் கேட்டால் முதலாம் சீசனிலிருந்துதான் வருவான்.

பிரச்சினை 1989இல் தொடங்கியது. புலம்பெயர்ந்து வந்த இந்த நாட்டில், பாபடோயிட்டோய்ப் பக்கம் ஒரு வாடகை வீட்டு ஹோலில் உஷாவின் கல்யாணம். வந்தது இருபத்தைந்து பேர், மேளமும் நாதஸ்வரமும் பாட்டுக் கசெட்டில். யாழ்ப்பாணத்திலிருந்து விசிட்டர் விசாவில் அப்பா மட்டும் வந்திருந்தார். இரவல் வாங்கிய வீடியோ கமராவுக்குப் பொறுப்பு, பதினேழு வயதுப் பிரதாபன்.

அன்று பார்த்து, அவன் உயிரை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்த பழைய பிரிட்டிஷ் விண்வெளித் தொடரில் ஐந்தாம் சீசன் முடிகிற நாள். மணவறையை ஒட்டிக் கதவு திறந்து கிடந்த பக்கத்து அறையில் டிவிக்கு முன்னால் கமராவை நிறுத்தி, "அஞ்சு நிமிசம் மட்டும்" என்று ஓடவிட்டான். சத்தத்தையும் நன்றாகக் கூட்டி வைத்தான். அந்த ஐந்து நிமிடம் முடிவதற்குள் இங்கே தாலி கட்டி, அறுகரிசி தூவி வாழ்த்தி, ஆட்கள் சாப்பாட்டுக்கே உட்கார்ந்துவிட்டார்கள்.

கசெட்டைப் போட்டுப் பார்த்தபோது, தாலி கட்ட வேண்டிய இடத்தில் ஒரு விண்கலம் வெடித்துக்கொண்டிருந்தது. அந்த இரைச்சலில் வேறொன்றும் காதில் விழவில்லை. உஷா கசெட்டைத் தம்பியின் மேல் விட்டெறிந்தாள். அதைப் பொறுக்கி வைத்துக்கொண்டவன், வெட்கமே இல்லாமல் இத்தனை வருடமும் பத்திரப்படுத்தினான்.

அப்பா ஊர் திரும்பி அடுத்த வருடமே கண்ணை மூடினார். ஊரில் போர் நடந்த நேரம், அவளால் செத்தவீட்டுக்குக்கூடப் போக முடியவில்லை. அப்பா என்று அவளிடம் மிஞ்சியது நாலு போட்டோதான். அந்தக் கோபம் இன்றுவரை ஆறவில்லை.

"லண்டனில அந்த எபிசோட்டை அழிச்சுப் போட்டாங்கள் அக்கா," என்று தொடங்கினான் பிரதாபன். "உலகத்திலேயே என்ர கசெட்டில மட்டும்தான் மிச்சம். ரசிகர் சங்கக்காரர் என்னைக் கையெடுத்துக் கும்பிடுறாங்கள்."

"கும்பிடட்டும். என்ர கல்யாணத்தைத் திண்ட கசெட்டுக்கு மாலையும் போடட்டும்."

"அதில்லை அக்கா. படம் கெதியா சரி வந்திட்டுது. சத்தம்தான் பெரிய கரைச்சல். மேளம், ஐயற்ற மந்திரம், ஆக்களின்ர கதை எல்லாம் ஹோலில இருந்து வந்து பின்னாலை கலந்து கிடந்தது. அதை வழிச்செடுக்கவே அவங்களுக்குக் கம்ப்யூட்டரில மூண்டு மாசம் போச்சு. இப்ப எபிசோட் சுத்தமாய்க் கேக்குது."

உஷா எழுந்தே விட்டாள். "சுத்தமோ? அப்ப என்ர கல்யாணம் உங்களுக்கு ஊத்தையோ?"

"ஐயோ, நான் அப்பிடிச் சொல்லேல்லை."

"முப்பத்தாறு வருசம்! ஒரு நாள், ஒரேயொரு நாள் 'அக்கா, பிழை விட்டிட்டன்' எண்டு சொன்னியோ? ஊரிலை இல்லாத பெருமையோட லாப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வாறாய். நாளைக்கு இதுக்கு விருந்தும் வைப்பாய்."

"அதைத்தான் சொல்ல வாறன்—"

"ஒண்டும் சொல்லாதை. எழும்பிப் போ."

முதல் சீசனிலிருந்து சொல்ல இனி நேரமில்லை என்று அவனுக்கே விளங்கியிருக்க வேண்டும். பையிலிருந்து பெரிய ஹெட்ஃபோன் ஒன்றை எடுத்து நீட்டினான்.

"படம் பாக்க வேண்டாம். ஒருக்கால் இதைப் போட்டுக் கேளுங்கோ. பிறகு நீங்களே என்னை அடிச்சுக் கலையுங்கோ."

தொலைந்தால் சரி என்றுதான் உஷா அதை மாட்டிக்கொண்டாள். விண்கலம் உறுமப் போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். ஓர் உறுமலும் வரவில்லை. ஒரு காதை விலக்கிக்கொண்டு தம்பியை முறைத்தாள்.

"எங்கை உன்ர எபிசோட்?"

"அது லண்டனில. வேண்டாமெண்டு அவங்கள் அதிலயிருந்து கழிச்ச சத்தத்தை நான் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தனான்."

அவள் மெதுவாக ஹெட்ஃபோனைத் திரும்பக் காதில் வைத்தாள். கெட்டிமேளம் கொட்டியது. யாரோ அரிசித் தட்டு எங்கே என்று கேட்டார்கள். இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி, அவளேதான், மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதாள். பக்கத்தில் அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு மெல்லக் கதைத்தார்.

"அழாதை பிள்ளை, நான் இஞ்சைதானே நிக்கிறன்."