ரிக்கார்டு சாரும் பொம்மை கிட்டாரும்

“உடனே கிளம்பி வா” என்று அத்தான் போனில் சொன்னதோடு சரி. அக்காவுக்கு என்னவோ ஏதோ என்று பதறிப் போய், காத்திருந்த நோயாளிகளை நாளைக்கு வரச் சொல்லிவிட்டு, கிளினிக்கைப் பூட்டிக்கொண்டு ஓடி வந்தார் பல் டாக்டர்.

வந்து பார்த்தால் அக்கா குத்துக்கல்லாட்டம் நன்றாகத்தான் இருக்கிறாள். அத்தான்தான் கூடத்தின் நடுவில் நின்று குதித்துக்கொண்டிருந்தார்.

“நீ வாங்கிக் கொடுத்த சனியனை நீயே எடுத்துட்டுப் போ.”

சனியன் என்றது, அக்கா பெண்ணின் பிறந்த நாளுக்கு டாக்டர் கொடுத்த வீடியோ கேம். அதோடு வந்த பிளாஸ்டிக் கிட்டார் சோபாவில் கிடந்தது. பக்கத்தில் மருமகள், பள்ளிக்கூடத்தில் கடைசி வருடம் படிக்கிறவள், உம்மென்று உட்கார்ந்திருந்தாள்.

“இதுக்காகவா வரச் சொன்னீங்க?” டாக்டருக்குக் கோபம் சுர்ரென்று ஏறியது.

“அவ என்ன கேட்டா தெரியுமா மச்சான்? ஒரு பழைய ராக் பாட்டைச் சொல்லி, ‘அப்பா, இந்தப் பாட்டு உங்களுக்குத் தெரியுமா’ன்னு கேக்கறா. என்னைப் பார்த்து.”

அத்தானை ஆபீசில் ரிக்கார்டு சார் என்றுதான் கூப்பிடுவார்கள். பழைய ராக் இசைத்தட்டு எங்கேயாவது இருக்கிறது என்று காதில் விழுந்தால் போதும், தேடிப் போய் வாங்கிவிடுவார். கூடத்துச் சுவரை அடைத்துக்கொண்டு நிற்கிற கண்ணாடி அலமாரி, அதற்கு ஒரு பூட்டு, சாவி எப்போதும் அவர் சட்டைப் பையில். ஞாயிற்றுக்கிழமை வந்தால் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துத் தன் முகத்தைத் தானே பார்த்துக்கொள்வார். அப்பேர்ப்பட்டவரிடம் போய்ப் பாட்டு தெரியுமா என்று கேட்டால் கோபம் வரத்தான் செய்யும். அதற்காக அடுத்தவன் பிழைப்பில் மண்ணைப் போட வேண்டுமா என்பதுதான் டாக்டரின் ஆத்திரம்.

“நான் பிறந்த வருஷம் வந்த பாட்டு. நான் வச்சுக் கும்பிடற பாட்டு. அதை இவ எங்கே கத்துக்கிட்டா? இந்தப் பொம்மையோட அஞ்சு கலர் பட்டன்ல. ஸ்கிரீன்ல புள்ளி வரும், பார்த்துப் பார்த்து அமுக்கணும். தப்பா அமுக்கினா கிட்டார் சத்தமே நின்னுடும். இதுக்குப் பேர் சங்கீதமாம்.”

“அது நின்னதாலதாம்ப்பா, அதுதான் கிட்டார்னே எனக்குத் தெரிஞ்சுது,” என்றாள் மருமகள். “அதுவரைக்கும் மொத்தப் பாட்டும் ஒரே இரைச்சல்.”

“வாயை மூடு. வீட்டுல பொக்கிஷத்தை வச்சுக்கிட்டு பொம்மைகிட்ட பாடம் படிச்சவளுக்குப் பேச்சு வேறயா?”

“மாமா, நான் நிஜ கிட்டார் கிளாஸ்ல சேரலாம்னு இருந்தேன். இதை விளையாடித்தான் அந்த ஆசையே வந்தது.”

“ஒரு கிளாசும் வேண்டாம்,” என்று அத்தான் குறுக்கே விழுந்தார். “இந்தப் பொம்மையும் இந்த வீட்டுல இருக்கக் கூடாது.”

அவள் பிளாஸ்டிக் கிட்டாரை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கண் சிவந்திருந்தது. பல் டாக்டர் தன் பல்லைக் கடித்துக்கொண்டார்.

“சரி அத்தான். அந்தப் பாட்டு உங்க அலமாரியில இருக்கா?”

“இருக்காவா? முதல் முதலா வந்த தட்டே இருக்கு.”

“அதைப் போடுங்க. நிஜம் எப்படி இருக்கும்னு அவளும் கேக்கட்டும். கேட்டு முடிச்சதும் நானே இதைத் தூக்கிட்டுப் போறேன்.”

அத்தான் கொஞ்சம் தயங்கினார். பிறகு வீறாப்பாகச் சாவியை எடுத்தார். அலமாரி திறப்பதைப் பார்க்க அக்காவே கையைத் துடைத்துக்கொண்டு சமையலறையிலிருந்து வந்துவிட்டாள். அத்தான் இசைத்தட்டை உறையோடு இரண்டு கையாலும் ஏந்தி வந்தார். டாக்டர் வாங்கப் போனார்.

“விரல் படக் கூடாது. ஓரத்தைப் பிடி.”

உறைக்கு மேல், கடையிலிருந்து வந்த மெல்லிய பிளாஸ்டிக் கிழியாமல் அப்படியே இருந்தது.

“இன்னும் பிரிக்கவே இல்லையே?”

“பிரிச்சா மதிப்பு போயிடும்.”

“அப்போ பிரிச்சது எதையாவது போடுங்க.”

“ஊசி பட்டா தேயும். உனக்கெல்லாம் இது புரியாது.”

“எந்த ஊசி?” என்றாள் அக்கா. “பிளேயர் பரண்ல கிடக்கு. இவ பிறந்தப்போ ரிப்பேரானது. அதுக்கப்புறம் யார் அதைத் தொட்டா?”

டாக்டருக்கு இப்போது நிஜமாகவே பற்றிக்கொண்டு வந்தது.

“அவ பிறந்ததிலேருந்து இந்த வீட்டுல ஒரு தட்டு சுத்தலை. அவளைத் தொடவும் விட்டதில்லை. அப்புறம் அவ பொம்மைகிட்ட போகாம யார்கிட்ட போவா? அவளை விடுங்க, நீங்க கேக்கறீங்களா? போன்லயாவது?”

“அந்தக் குப்பையில எல்லாம் நான் பாட்டு கேக்கறதில்லை.”

“அப்போ வச்சுக் கும்பிடற பாட்டைக் கடைசியா எப்பத்தான் கேட்டீங்க அத்தான்?”

அத்தான் இசைத்தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்.

“நேத்து,” என்றாள் மருமகள்.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

“நேத்து கேட்டார். முந்தா நாளும் கேட்டார். நான் விளையாடறப்பல்லாம் என் ரூமுக்கு வெளியே நின்னு கேக்கறார் மாமா. கதவுக்கு அடியில அவர் கால் தெரியும்.” கோபத்தில் அவள் குரல் உயர்ந்தது. “உள்ளே வந்து என் பக்கத்துல உக்காருவார்னுதான், ‘அப்பா, இந்தப் பாட்டு உங்களுக்குத் தெரியுமா’ன்னு கேட்டேன்.”