பிறந்தநாள் அட்டை

“மார்ச் 11. ஒத்திகையில் பிழை: அம்மா பேசுகிறேன் என்பதற்குப் பதில் சித்தி பேசுகிறேன் என்று சொல்லிவிட்டேன்” என்று நோட்டில் எழுதி, அதன் கீழே அடிக்கோல் வைத்துக் கோடு இழுக்கிறாள் அவள். மாலை நேர ஸ்பானிஷ் வகுப்பில் கொடுத்த வாழ்த்துச் சொல் அட்டைகள் மேசையில் வரிசையாகக் கிடக்கின்றன: பிறந்தநாள், திருமணம், கிறிஸ்துமஸ், புத்தாண்டு. ஜன்னல் வழியே சாயும் வெயில் முதல் அட்டையில் மட்டும் விழுகிறது. கடல் கடந்து வாழ்ந்த அக்கா இறந்து ஒன்பது நாள் ஆகிறது. அக்கா மகளுக்கு ஸ்பானிஷ் மட்டுமே தெரியும்; நாளை அவளுக்கு ஆறு வயது. அம்மா ஆஸ்பத்திரியில் இருப்பதாகவே குழந்தை நம்புகிறது. “ஃபெலிஸ் கும்ப்ளெயான்யோஸ்” என்று வாழ்த்தைச் சொல்லிப் பார்க்கிறாள். “குரல் அச்சு அசல் அக்காதான்,” என்கிறான் அண்ணன், முகத்தைத் திருப்பிக்கொண்டு. “ஆனா வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி சொல்லாதடி.” “சித்தின்னே சொல்லிடட்டுமாண்ணா? மனசு கேக்கல.” “பிறந்தநாள் அன்னிக்கா சொல்லுவே? அந்த ஒரு நாளாவது சந்தோஷமா இருக்கட்டும்.” “அப்போ கிறிஸ்துமஸுக்கு?” அண்ணன் அந்த அட்டையை எடுத்துப் பார்க்கிறான், கவிழ்த்து வைக்கிறான். அவள் மறுபடி ஒரு முறை, அக்கா இழுத்துப் பேசுவதுபோலவே இழுத்துச் சொல்கிறாள். சரியாக வருகிறது. பேனாவை எடுக்கிறாள். “நாளை: காலை ஏழு மணிக்குப் போன். அம்மா என்று சொல்ல வேண்டும்.”