கான்செர்டினாவுக்குத் தாளம்

டப்ளின் வானொலிக்காகப் பழைய மெட்டுகளைத் தேடி ஊர் ஊராக அலைபவன் ஃபின்டன். அயர்லாந்தின் கிளேர் கடற்கரையில் டீலியா கான்சிடைனின் வீட்டுக்கு அவன் வந்தது நாலாவது முறை. கணவர் ஜேம்ஸி கடலில் மூழ்கிப்போனதிலிருந்து பதினோரு வருடங்களாக அவள் கான்செர்டினாவைத் தொடவில்லை. அன்று பிற்பகல், அவனுடைய கெஞ்சல் தாங்காமல், சமையலறையில் உட்கார்ந்து அந்தச் சின்னத் துருத்திப் பெட்டியை விரித்து ஒரு நடன மெட்டை வாசித்தாள்; அவன் அதை ஒலிநாடாவில் பதிவுசெய்தான்.

பிறகு பதிவை ஓடவிட்டுக் கேட்டார்கள். இசையோடு சேர்ந்து, லாடம் அடித்த பூட்ஸ் ஒன்று கல்தரையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

“காலால நல்லாத் தாளம் போடுறீங்கம்மா,” என்றான் ஃபின்டன்.

“நான் வெறுங்கால்ல இருக்கேன் தம்பி.”

அவனுடைய நனைந்த பூட்ஸ் அடுப்போரம் காய்ந்துகொண்டிருந்தது.

இரண்டாம் பகுதியில் தாளம் இசையை முந்தி ஓடியது. டீலியா இயந்திரத்தின் பக்கம் குனிந்தாள். “இந்த இடத்துல ஜேம்ஸி இப்படித்தான் காலால தாளம் போட்டு என்னை விரட்டுவாரு. இதுக்காகவே எத்தனை சண்டை.”

ஃபின்டன் இயந்திரத்தை நிறுத்தினான். நாடா நின்றது. தாளம் நிற்கவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம், காலி நாற்காலியின் அடியிலிருந்து அது நிதானமாகக் கேட்டது.

டீலியா மறுபடி வாசிக்கத் தொடங்கினாள். தாளம் உடனே அவளோடு சேர்ந்துகொண்டது. மெட்டு முடியும் இடத்தில் மூச்சுகூட விடாமல் முதலிலிருந்து பிடித்தாள். நாலாம் சுற்றில் விரல்கள் தடுமாறின.

“போதும்மா, கீழ வெச்சிடுங்க.”

“நீ கிளம்பு தம்பி,” என்றாள் அவள், வாசித்துக்கொண்டே. “நான் வாசிக்கிற வரைக்கும்தான் அவரு உக்காந்திருப்பாரு.”