நேற்றைய ரொட்டி

"இன்னைக்கும் கூடை காலியா?" என்று கேட்டாள் பக்கெட் அக்கா.

ரொட்டிக்கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "காலிதான்க்கா. ஆறு மணிக்குக் கதவைத் திறக்கிறேன். ஆறு அஞ்சுக்கு ஒரு பொண்ணு வந்து மொத்தத்தையும் வழிச்சு எடுத்துட்டுப் போயிடுது."

"ஏழு ரொட்டியையுமா?"

"ஏழையும்."

"வயிறா அது, கிணறா?"

முந்தின நாள் விற்காமல் காய்ந்துபோன ரொட்டியைக் காலையில் கூடையில் போட்டுக் கால் விலைக்குத் தள்ளிவிடுவார் கடைக்காரர். அதில் ஒன்று பல வருஷமாய் பக்கெட் அக்கா வீட்டுக்குத்தான் போகும். அவளுக்கு ரெண்டு பெண்கள். மூன்று நாளாய் வெறும் டீயோடு பள்ளிக்கூடம் போகிறார்கள். நேற்று சின்னவள், "வரிசையில நிக்கும்போது தலை சுத்துச்சும்மா" என்றாள்.

"நாளைக்கு அஞ்சே முக்காலுக்கே வந்து நிக்கிறேன். அவ குடுமியைப் பிடிச்சு ஆட்டுறேனா இல்லையா பாரு!"

"கடைக்கு வெளியில வெச்சு ஆட்டுக்கா. இப்பதான் கண்ணாடி மாத்தினேன்."

அவர் பயந்ததில் நியாயம் உண்டு. அக்கா ஒரு கம்பெனியில் தரை துடைக்கிறவள். அவளுக்குக் கோபம் வந்தால் வாளித் தண்ணீர் தானாகக் கொதிக்கும், ஒருநாள் வாட்ச்மேன் அதில் முகச்சவரமே செய்துகொண்டார் என்று ஆபீசில் பேச்சு.

மறுநாள் சொன்னபடி வந்து நின்றாள். நாக்கு நுனியில் ஏழெட்டு வசவுகள் தயாராய் இருந்தன.

பெண் வந்தாள். அக்காவின் வாய் அப்படியே மூடிக்கொண்டது.

அது அவள் ஆபீசின் கணக்குப் பிரிவுப் பெண். நாற்பது பேர் நடமாடும் அந்த இடத்தில், துடைத்த தரையில் கால் வைக்கும் முன், "ஈரமா இருக்காக்கா? வரலாமா?" என்று கேட்கிற ஒரே ஜீவன்.

அக்கா சட்டென்று கம்பத்துக்குப் பின்னால் ஒதுங்கினாள். பெண் ஏழு ரொட்டியையும் பையில் திணித்துக்கொண்டு போனாள்.

"என்னக்கா, குடுமியை ஆட்டலை?"

"சும்மா இருய்யா. அதுக்கு என்ன கஷ்டமோ!"

யோசித்தால் எல்லாம் பொருந்தியது. நாலு நாளாய் அந்தப் பெண் கேன்டீன் பக்கமே வரவில்லை. வெந்நீரைக் குடித்துவிட்டு நாற்காலியில் சுருண்டு கிடக்கிறாள். கண்ணெல்லாம் குழி.

"நாளையிலேர்ந்து உனக்கு ஒண்ணு எடுத்து வைக்கட்டுமாக்கா?"

"வேணாம். ஏழு வாங்குறான்னா வீட்ல ஏழு வாய் இருக்கும். எண்ணித்தான் வாங்குறா. என் வீட்ல மூணுதானே."

அன்று முதல் ராத்திரிச் சோற்றில் தன் பங்கை மூடி வைத்து, காலையில் பெண்களுக்குக் கொடுத்தாள். மதியம் துப்புரவு ஆட்களுக்குக் கேன்டீனில் ஒரு டீயும் ஒரு அவித்த முட்டையும் இலவசம். அக்காவின் மதியச் சாப்பாடே அதுதான். டீயை மட்டும் குடித்தாள். முட்டையைக் காகிதத்தில் சுற்றி, கணக்குப் பெண் கைகழுவப் போகும் நேரம் பார்த்து அவள் மேஜையில் வைத்துவிட்டு நழுவினாள். கொடுத்தது யார் என்று தெரிந்தால் கூச்சப்படும், பாவம்.

ஒரு வாரம் ஓடியது. மாப்புக் கம்பு இரும்பாய்க் கனத்தது. மாடிப்படியில் ரெண்டு தடவை உட்கார்ந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூட்ட அறையில் ஏதோ விழா. கேக் சிந்துமே, துடைக்க ஆள் வேண்டாமா? அக்கா வாளியோடு வாசலில் நின்றாள்.

மேனேஜர் மைக்கைப் பிடித்தார். "ஒரு காப்பிக் காசுல ஒரு நாள் சாப்பாடு! இப்படிப் பத்து நாள் இருந்து, வறுமைன்னா என்னன்னு நாமளே உணர்ந்து பார்த்தோம். எல்லாரையும் ஜெயிச்சது நம்ம கணக்குப் பிரிவு!"

இந்தப் போட்டி பற்றிய அறிவிப்பு கம்ப்யூட்டரில் வந்ததாம். வாளிக்குக் கம்ப்யூட்டர் ஏது?

முதல் பரிசு, பெரிய ஓட்டலில் பிரிவு முழுவதற்கும் விருந்து. வாங்கிக்கொண்டு கணக்குப் பெண் பேசினாள்.

"நேத்தைய ரொட்டியைக் கால் விலைக்குக் குடுக்கிற ஒரு கடையைக் கண்டுபிடிச்சேன். எங்க பிரிவு ஏழு பேருக்கும் நானே வாங்கிட்டு வந்தேன். இதுல யாரோ என்னைத் தோக்கடிக்கணும்னே தினம் மேஜையில முட்டை வெச்சாங்க. நான் தொடவே இல்லை! போட்டியில சேராத பக்கத்து சீட்டு சாருக்குக் குடுத்துட்டேன்."

பக்கத்து சீட்டு சார் எழுந்து வயிற்றைத் தடவிக் காட்டினார். "உப்பையும் கொஞ்சம் சேர்த்து வெச்சிருக்கலாம்!"

அறையே சிரித்தது. அந்த நேரம் யாராவது வாளிக்குள் கையை விட்டிருந்தால் வெந்திருக்கும்.

கூட்டம் கலைந்தது. அக்கா சிந்திய கேக்கைக் கூட்டி அள்ளிவிட்டுத் தரையைத் துடைத்தாள். பழைய வசவுகள் ஏழெட்டும் ஒன்று குறையாமல் நாக்கு நுனிக்கு வந்து வரிசையில் நின்றன.

"ஈரமா இருக்காக்கா? வரலாமா?"

வாசலில் கணக்குப் பெண். கையில் ஒரு துண்டு கேக்.

"வாம்மா."

"இது உங்களுக்கு. பத்து நாள் வயித்தைக் கட்டினதுல உங்களை மாதிரி இருக்கிறவங்களைத்தான்க்கா அடிக்கடி நினைச்சுக்கிட்டேன்." குரலைத் தாழ்த்தினாள். "உங்களுக்கு உபயோகப்படும், ஒண்ணு சொல்றேன். அந்த முனை ரொட்டிக்கடை இருக்குல்ல? காலையில ஆறு மணிக்கெல்லாம் ஒரு கூடை வெக்கிறாங்க. எனக்குத்தான் இனிமே வேணாமே. நீங்க போய் வாங்கிக்கோங்க."

அக்கா மாப்பை வாளியில் முக்கி எடுத்தாள். நிதானமாகப் பிழிந்தாள். அந்தப் பெண்ணின் குழி விழுந்த கண்ணை ஒரு நிமிஷம் பார்த்தாள்.

"அப்படியா கண்ணு! இத்தனை வருஷமா இது எனக்குத் தெரியாமப் போச்சே!"