தம்பி போட்ட லைட்டு

"இது முழுக்க என் தம்பி செஞ்சது சார். நான் ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடலை."

அண்ணன் இப்படிச் சொன்னதைக் கேட்டதும் தம்பியின் மனைவி ஷெட் வாசலிலேயே நின்றுவிட்டாள். பன்னிரண்டு வருடமாக அந்த வீட்டில் குழாய் சொட்டாமல் நின்றாலும், ஃபேன் சத்தமில்லாமல் சுற்றினாலும் அண்ணன் சொல்லும் கணக்கில் செய்தவர் அவர்தான். தம்பி ஏணி பிடித்தவன்.

அண்ணன் குடியிருப்போர் சங்கத் தலைவர். சங்கத்தில் மொத்தம் பதினாறு வீடுகள். அவர் தொண்டையைச் செருமினால் பதினாறு லட்சம் பேர் காத்திருப்பது போல இருக்கும். போன மாதம் அவருடைய பைக்கில் பழைய ஹாலஜன் பல்பைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. போட்டவன் தம்பி. தெருவுக்குத் தெரிந்ததென்னவோ, "நானே உக்காந்து மாத்தினேன்" என்பதுதான்.

அப்பேர்ப்பட்டவர் இன்று நாற்காலி இழுத்துப் போட்டு, "சார் லைட்டைப் பத்தி விசாரிக்கணும்னு வந்திருக்கார். சொல்லுடா" என்றார்.

வந்தவர் உட்காரவில்லை. சாதாரணச் சட்டை, கையில் நோட்டு. ஷூ மட்டும் சட்டைக்குச் சம்பந்தமில்லாமல் பளபளத்தது.

"ஏதோ கம்பெனிக்காரர் மாதிரி இருக்கு," மனைவி கிசுகிசுத்தாள். "வாயைத் திறந்து பேசுங்க. மிக்ஸி ரிப்பேர்காரன் மாதிரி நிக்காதீங்க."

"நான் மிக்ஸி ரிப்பேர்காரன்தானேடி."

"இன்னிக்கு ஒரு நாள் அதை மறந்துடுங்க."

இரண்டு நாளாகத் தார்ப்பாய்க்குள் கிடந்த வண்டியைத் தம்பி வெளியே தள்ளினான். ஸ்விட்சைப் போட்டதும் ஷெட் சுவர் வெள்ளை வெளேரென்று ஆனது. வந்தவர் கண்ணை மறைத்துக்கொண்டார்.

"எப்படி மாத்தினீங்க?"

'ஏன்டா இன்னும் ஆகலை' என்று அவனைக் கேட்டவர்கள் உண்டு. 'எப்படி' என்று கேட்டவர் இவர்தான் முதல். தம்பிக்கு மடை திறந்துகொண்டது.

"பழைய பல்பு ஹோல்டர்லயே உக்காருது சார். ஆனா இதுக்குப் பின்னாடி சின்ன ஃபேன் இருக்கு, ரப்பர் மூடி இடிக்கும். மூடியை வட்டமா வெட்டினேன். இன்ஜின்ல இருந்து நேரா வர்ற கரன்ட்டுல கொடுத்தா மினுக்கு மினுக்குன்னு துடிக்கும். அதனால பேட்டரியில இருந்து தனி வயர் இழுத்தேன். மூணு சாயங்காலம் ஆச்சு."

"விரலைக் காட்டுங்க," என்று மனைவி அவன் கையைப் பிடித்து நீட்டினாள். "பாருங்க சார், சால்டரிங் சூடு. இன்னும் ஆறலை."

வந்தவர் விரலையும் பார்த்தார், எழுதிக்கொண்டார். அப்புறம் டேப் எடுத்துத் தரையிலிருந்து சுவர் வெளிச்சம் வரை அளந்தார். "ரோட்டுல விழாம இவ்வளவு மேல அடிக்குதே. இதுவும் நீங்க வெச்சதுதானா?"

தம்பி குனிந்து பார்த்தான். அவன் தாழ்த்தி வைத்திருந்த விளக்கை யாரோ தூக்கி வைத்திருந்தார்கள். போல்ட்டில் ஸ்பானர் கடித்த தடம் புதிதாக இருந்தது. எதிரே வருகிறவன் தன்னைக் கண்டு ஒதுங்க வேண்டும் என்று நினைக்கும் ஆள் அந்த வீட்டில் ஒருவர்தான். அவர் இப்போது கூரையில் ஒட்டடை எண்ணிக்கொண்டிருந்தார்.

"அவன் கை படாம அதுல எதுவும் நடக்காது சார்," என்றார் அண்ணன், கூரையைப் பார்த்தபடியே.

ஒரு மனிதர் ஆயுளில் முதல் தடவையாகப் புகழ்கிறார். அவரைப் போய் ஒரு போல்ட்டுக்காகக் காட்டிக்கொடுப்பதா?

"ஆமா சார், நான்தான்."

"வண்டி ஓட்டுறது?"

"அதுவும் அவன்தான். பேருக்குத்தான் வண்டி என்னுது," என்று அண்ணன் இடுப்பிலிருந்த சாவியை எடுத்துத் தம்பியின் உள்ளங்கையில் வைத்து மூடினார். "இனிமே இது உங்கிட்டயே இருக்கட்டும்டா."

அந்தச் சாவி அந்த இடுப்பைவிட்டு இறங்கி யாரும் பார்த்ததில்லை. தம்பி இதுவரை அந்த வண்டியைத் தெருமுனை வரை ஓட்டிப் பார்த்திருக்கிறான், அதுவும் பிரேக் சரிசெய்த அன்று.

"தினமும் நீங்கதானா?" வந்தவர் அவனையே பார்த்தார்.

தம்பி கையிலிருந்த சாவியைப் பார்த்தான். தன் புருஷன் இப்போதும் 'இல்லை' என்று சொல்லித் தொலைத்துவிடுவார் என்று மனைவிக்குத் தெரியும். பன்னிரண்டு வருடக் குடித்தனம்.

"ஆமா சார், இவரேதான்!" என்றாள். "வெளியில சொல்லிக்கத் தெரியாது, அவ்வளவுதான். மாமா இன்னிக்காவது வாய்விட்டுச் சொன்னாங்களே."

வந்தவர் நோட்டை நீட்டினார். தம்பி கையெழுத்துப் போடக் குனிந்தான்.

"முழுப் பேரும் போடுங்க," என்றாள் மனைவி. "இனிஷியலோட."

"எல்லாப் பெருமையும் உனக்குத்தாண்டா," என்று அண்ணன் அவன் முதுகில் தட்டினார். தட்டிவிட்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

வந்தவர் கையெழுத்தை ஒருமுறை சரிபார்த்து நோட்டை மூடினார்.

"ஸ்டேஷனுக்குக் கிளம்புங்க தம்பி, முந்தாநாள் உங்க லைட்டு கண்ணுல அடிச்சு விழுந்த ஆளு இன்னிக்குக் காலையில செத்துட்டாரு."