இடப்பக்கச் சாய்வு

அண்ணனோடு சேர்த்துக் கடல் கொண்டுபோன வள்ளத்தை, கைக்கு அடங்குகிற மாதிரிப் படகாகப் பலகை பலகையாக இழைத்து ஒட்டி, மோட்டாரும் ரிமோட்டும் பொருத்திவிட்டான் ரெமிஜியுஸ். தண்ணீர்த் தொட்டியில் விட்டால், பாழாய்ப்போனது இடப்பக்கமே சாய்ந்தது. பேட்டரியை நகர்த்திப் பார்த்தான். கடைசியில் வலப்பக்கம் ஈயக்குண்டு வைத்த பிறகுதான் நேராக நின்றது.

துணி அலச வந்த அண்ணன் மனைவி பிரகாசி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குனிந்து ஈயத்தை எடுத்துவிட்டாள். வள்ளம் மறுபடி சாய்ந்தது.

“இம்புட்டு நேரம் மல்லுக்கட்டி நிமித்துனேனே மைனி!”

“உங்க அண்ணன் அந்தப் பக்கந்தான தம்பி உக்காருவாவ.”

ரெமிஜியுஸ் ஈயத்தைத் திரும்பக் கேட்கவில்லை. ரிமோட்டை அவளிடம் நீட்டினான். அவள் ஈரக்கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

“நீங்களே கரைக்குத் திருப்புங்க தம்பி. மெதுவா.”